மட்டசனம் என்றொரு சொல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பழைய கத்தோலிக்க ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு மாலைச் செபம் நினைவிருக்கும். செபமாலை முடிந்ததும் பாட்டி மந்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லவைப்பார். "தலையான பாவங்கள் ஏழு" என்று அவர் தொடங்கினால் போதும், பிள்ளைகள் நாங்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்போம்: அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். அடுத்து அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள்: தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு.

ஐந்தாவதாக வரும் மட்டசனத்துக்கு எனக்குப் பல ஆண்டுகள் பொருள் தெரியாது. மட்டு, அசனம்: அளவான சாப்பாடு. இவ்வளவு எளிய, இவ்வளவு அழகான சொல் இன்று செபப் புத்தகத்துக்கு வெளியே எங்குமே கேட்பதில்லை. அதன் இடத்தில் வேறொரு பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் அழைத்ததால் ஒரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கியார் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்தார். உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று சொல்லிவிட்டு, "இந்த ஆலயத்தை இப்படியா வைத்திருப்பது?" என்று முன்வரிசைப் பெண்களை நோக்கிக் கையை நீட்டினார். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். அவரை எனக்குத் தெரியும். தைராய்டு சுரப்புக் குறைவுக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவர். காலையில் எல்லோருக்கும் சமைத்துவைத்துவிட்டு, கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்டபின் மீதியைச் சாப்பிடுபவர். அன்று கூட்டம் முடிந்ததும் பரிமாறிய பிரியாணியை அவர் தொடவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கை நீட்டல் தவறு என்று அன்றே தோன்றியது. ஏன் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடிப் படிக்கப் படிக்க, கிறிஸ்தவ மரபே அந்தப் பிரசங்கத்துக்கு எதிராக நிற்பது தெரிந்தது.

முதலில் அந்த வசனம். பவுல் அந்த அதிகாரத்தில் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. கொரிந்து ஒரு துறைமுக நகரம். வயிற்றுக்குச் சோறு எப்படியோ அப்படித்தான் உடலுக்கு வேசியும் என்று வாதாடியவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழி அது. உடலைப் பேணுவதற்கும் அந்த வசனத்திலிருந்து ஒரு நியாயம் எடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இடுப்புச் சுற்றளவை அளக்கும் நாடாவாக அவர் அதை எழுதவில்லை.

அடுத்து தானியேல். 'தானியேல் உபவாசம்' என்ற பெயரில் 10 நாள், 21 நாள் என்று எடை குறைப்புக்காகப் பலர் இருக்கிறார்கள். தானியேலும் மூன்று தோழர்களும் அரசனின் உணவை மறுத்து, பருப்பு முதலான மரக்கறிகளையும் தண்ணீரையும் கேட்டு வாங்கியது உண்மை. பத்து நாள் கழித்து என்ன ஆனது? பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து முதல் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தைப் பாருங்கள். அவர்கள் முகம் களையாகவும் சரீரம் 'புஷ்டி'யாகவும் காணப்பட்டது. மெலிந்தார்கள் என்று எழுதவில்லை, சதைப்பிடிப்பாக ஆனார்கள் என்று எழுதியிருக்கிறது. உணவு போதாத காலத்தில் புஷ்டியே ஆசீர்வாதத்தின் அடையாளம். நம் பாட்டிமார் பேரப்பிள்ளையைப் பார்த்து "என்னடா இப்படி இளைத்துவிட்டாய்" என்று கவலைப்பட்டதும் அதனால்தான். தானியேலும் தோழர்களும் மறுத்தது அரசனின் மேசையை. அந்த மேசையில் உட்கார்ந்தால் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்வோம் என்பதுதான் தானியேலின் காரணம். எடை அங்கே பேச்சிலேயே இல்லை.

அப்படியானால் வேதம் பெருந்தீனியைக் கண்டிக்கவில்லையா? நன்றாகவே கண்டிக்கிறது. குடியனும் போஜனப்பிரியனும் தரித்திரராவார்கள் என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. தேன் கிடைத்தால் மட்டாகச் சாப்பிடு என்றும் அதே நூல் சொல்கிறது. அந்த 'மட்டு'தான் நம் மட்டசனத்தில் இருப்பதும். சோதோமின் அக்கிரமம் என்னவென்று எசேக்கியேல் சொல்லும்போது கர்வத்தையும் 'ஆகாரத்திரட்சி'யையும் சேர்த்துவைத்து, எளியவனின் கையை அந்த நகரம் பலப்படுத்தவில்லை என்று முடிக்கிறார். வயிறு நிறைந்திருந்தது, வாசலில் நின்ற ஏழை கண்ணில் படவில்லை. குற்றம் அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது.

லூக்கா 21இல் இயேசு சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கூர்மையாகப் படுகிறது. பெருந்திண்டியினாலும் குடிவெறியினாலும் உலகக் கவலைகளாலும் உங்கள் இருதயங்கள் பாரமடையாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். பாரம் என்ற சொல்லை அவர் உடலுக்குச் சொல்லவில்லை, இருதயத்துக்குச் சொல்கிறார். பெருந்திண்டியின் பக்கத்திலேயே கவலையையும் வைக்கிறார். கவலையில் சாப்பிடுகிறவர்களை இன்று மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெருந்தீனிக்காரன் என்ற பட்டம் இயேசுவுக்கே கிடைத்தது. "போஜனப்பிரியனும் மதுபானப்பிரியனுமான மனுஷன்" என்று அவரைப் பழித்தார்கள் என மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். காரணம் அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்பதல்ல, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது. ஒருவரின் தட்டை வெளியிலிருந்து பார்த்து அவர் ஆன்மாவுக்குத் தீர்ப்பெழுதிய முதல் கூட்டம் எது என்று தெரிந்தபிறகும் நாம் அந்த வேலையைச் செய்யலாமா?

போசனப்பிரியம் தலையான பாவங்களின் பட்டியலில் எப்படி வந்தது என்பது நெடுங்கதை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்று வகுத்தார். அதில் முதலாவது உணவாசை. அவர் வழியில் வந்த யோவான் காசியன் அந்தப் படிப்பினையை மேற்கே கொண்டுபோனார். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் பட்டியலை ஏழாக்கினார். இந்த வரிசைதான் பல கைமாறி என் பாட்டியின் வாய்க்கு வந்துசேர்ந்தது.

கிரகோரியார் போசனப்பிரியத்துக்கு ஐந்து வடிவம் சொல்கிறார். நேரம் வருமுன் சாப்பிடுவது. விலையுயர்ந்ததையே தேடுவது. பக்குவம் நுணுக்கமாக இருந்தால்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பது. அளவு மீறுவது. வெறியோடு விழுங்குவது. ஐந்தில் ஒன்றுதான் அளவைப் பற்றியது! மற்ற நான்கையும் ஒல்லியான மனிதர் தாராளமாகச் செய்யலாம். மனைவி வைத்த குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழும் கணவர், அவர் எடை 55 கிலோவே ஆனாலும், இந்தப் பட்டியலில் இருக்கிறார். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு முண்டியடிப்பவரும் இருக்கிறார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் உட்காரும் அந்த முன்வரிசை அம்மாள் இதில் இல்லை.

அதே கிரகோரியார் ஏசாவையும் எலியாவையும் அருகருகே வைக்கிறார். ஏசா தலைமகன் உரிமையை இழந்தது வெறும் பருப்புக் கூழுக்காக. எலியா இறைச்சி சாப்பிட்டார், அவர் ஆன்மாவுக்கு எந்தக் குறையும் வரவில்லை. குற்றம் உணவில் இல்லை, ஆசையில் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் நுட்பமாக்கினார். ஒருவர் அளவு மீறிச் சாப்பிட்டார், ஆனால் ருசியின் ஆசையால் அல்ல, இவ்வளவு தேவை என்று நினைத்துத்தான் சாப்பிட்டார் என்றால் அது போசனப்பிரியம் ஆகாது, அனுபவக் குறைவுதான் என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அம்மா நினைவுக்கு வந்தார். பிள்ளைகள் தட்டில் விட்டுவைத்த சோற்றை வழித்து, குழம்புச் சட்டியின் அடியில் போட்டுப் பிசைந்து, நின்றவாறே சாப்பிடுவார். வயிறு நிறைந்த பிறகுதான் அது நடக்கும். சோற்றைக் கொட்டக் கூடாது. பஞ்சம் பார்த்த தாய் வளர்த்த மகள் அவர். இதைப் பாவம் என்று சொல்ல எந்த வேதபாரகராலும் முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு கிலோவாக அந்த மீந்த சோறு அவர் இடுப்பில் தங்கியது, பிறகு சர்க்கரையாக வந்தது. பாவம் இல்லாத இடத்திலும் நோய் வரும். அதனால்தான் இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும் என்கிறேன்.

இனி நோயின் பக்கம்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டம். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டம் இன்றும் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. மழை குறைந்த மேட்டு நிலம். இங்கே சோறு என்றால் பல காலம் நெல்லுச் சோறு அல்ல. ராகிக் களி, ராகிக் கூழ், மலையடிவாரங்களில் சாமைச் சோறு. நெல்லுச் சோறு விருந்தாளி வந்தால், திருவிழா வந்தால்.

களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். பானையில் நொய் வெந்து குழைந்ததும் மாவைக் குவித்துக் கொட்டி, மூடி, மாவு வேகும்வரை காத்திருந்து, பானையை இரண்டு காலாலும் அண்டக்கொடுத்துத் துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி விழாமல் வரும்போது தோள்பட்டை கழன்றுவிடும். ஈரத் தட்டில் உருட்டி, நடுவில் குழி செய்து, கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ ஊற்றுவார்கள். மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு அது. இரண்டு உருண்டை சாப்பிட்டவர் மதியம்வரை ஏர் பின்னால் நடப்பார், அல்லது மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைப்பார், அல்லது நான்கு மைல் தள்ளிச் சந்தைக்குப் புளி மூட்டை சுமப்பார். சாப்பாடும் உழைப்பும் ஒன்றையொன்று அளந்துகொண்டன.

அந்தத் தராசு எங்கே சாய்ந்தது? ஒரு காரணத்தை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமானது. பசியோடு படுத்த வீடுகளில் அது பசியைத் துரத்தியது, அதற்கு நன்றியோடுதான் இருக்க வேண்டும். கூடவே மூன்று வேளையும் வெள்ளைச் சோறு என்ற பழக்கமும் ஊன்றியது. 1970களில் ஒசூரில் சிப்காட் வந்தது, பிறகு தொழிற்சாலைகள் பெருகின. உழுத கைகள் இயந்திரத்தின் முன் நின்றன, பிறகு நாற்காலியில் உட்கார்ந்தன. இரவு ஷிப்ட் முடிந்து வருபவர் காலையில் பேக்கரியில் தேநீரோடு பப்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், போதும் என்று சொல்லும் சுரப்பு குறையும். பஸ் போகாத ஊருக்கும் இப்போது இருசக்கர வாகனம் போகிறது. கோயிலுக்கு நடந்து போனவர்கள் வண்டியில் போகிறார்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கூடுதல் எடையோ பருமனோ கொண்ட பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2இலிருந்து 37 சதவீதம். ஐந்தே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் போசனப்பிரியம் என்ற பாவம் இந்த அளவுக்குப் பெருகிவிட்டதா? மனிதரின் ஆசை அவ்வளவு வேகமாக மாறாது. மாறியது கடை, வேலை, அரிசி, சாலை.

இதில் நம் உடலுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது உடல் எடைக் குறியீடு. அதில் உலக அளவுகோல் 25 முதல் கூடுதல் எடை, 30 முதல் பருமன். இந்தியர்களுக்கு இது பொருந்தாது என்று கண்டு, இங்குள்ள மருத்துவர்கள் 23 முதல் கூடுதல் எடை, 25 முதல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 52 கிலோவிலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. காரணம், நம்மவர்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. ஆலயத்தில் நாம் 'நல்ல ஒல்லி' என்று நினைக்கும் ஆளுக்கும் உள்ளே சர்க்கரை ஏறியிருக்கலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. அந்தப் பிரசங்கியார் கை நீட்டிய திசை மருத்துவக் கணக்கிலும் தவறு.

உடல் எடையில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இரட்டையர் ஆய்வுகளில் பலமுறை தெரிந்தது. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், இன்சுலின் எல்லாம் எடையைக் கூட்டும். கட்டுப்படுத்த முடியாமல் வாரிச் சாப்பிட்டுப் பின் அழுபவர்களுக்கு இருப்பது தனியான ஒரு நோய் என்று 2013 முதல் மனநல மருத்துவ வரையறையிலேயே இடம் இருக்கிறது. அப்படிப்பட்டவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து அழுதால், குருவானவர் பாவமன்னிப்போடு மருத்துவரின் முகவரியையும் தர வேண்டும்.

அப்போது உண்பவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. மரபணு துப்பாக்கியை நிரப்பலாம், ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு போண்டா வாங்குவது நாம்தான். எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே ரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோ. எட்டாத மலை இல்லை. நான் சொல்வது, அந்த மூன்றரைக் கிலோவை வெட்கத்தால் குறைக்க முடியாது என்பது. வெட்கப்பட்டவர் கூட்டத்துக்கு வராமல் இருப்பார், வீட்டில் தனியே சாப்பிடுவார்.

நோன்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், இங்கே ஒரு கவலை இருக்கிறது. கத்தோலிக்கர் 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்று இரண்டாகச் சொல்வார்கள். சுத்தபோசனம் என்றால் இறைச்சியைத் தவிர்ப்பது. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்தபடி காலையிலும் மாலையிலும் சிறிது உண்ணலாம். இப்போது கட்டாய ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயது தொடங்கும் வரைதான். நோயாளிகளை அது கட்டுப்படுத்தாது. சட்டம் இவ்வளவு இளகியது. மக்கள் பக்தி அப்படி இல்லை.

என் பெரியம்மாவுக்கு அப்போது 66 வயது. நோன்புக் கடமையே இல்லை. பெரிய வெள்ளியன்று வழக்கம்போலக் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் சிலுவைப்பாதைக்கு வந்தார். பங்குனி வெயில். ஒன்பதாம் தலத்தில், இயேசு மூன்றாம் முறை விழுகிறார் என்று குருவானவர் படித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா கீழே சாய்ந்தார். உடல் தொப்பலாக வியர்த்திருந்தது, கை நடுங்கியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் ஓடிவந்து சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே விழும், இன்னும் இறங்கினால் நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். நோன்பு இருந்தே தீர வேண்டும் என்று விரும்பும் நீரிழிவுக்காரர் தவக்காலம் தொடங்குமுன் மருத்துவரிடம் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளட்டும். இதைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறு எல்லாக் கோயில்களிலும் அறிவிப்பாக வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

காசியன் இதை 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். எல்லோருக்கும் ஒரே நோன்பு விதி ஆகாது, உடலின் பலமும் வயதும் ஆளுக்கு ஆள் வேறு என்றார். மிதமிஞ்சிய பட்டினியும் மிதமிஞ்சிய தீனியும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய்விடும் என்றும் எச்சரித்தார். பகல் முழுவதும் பட்டினி கிடந்து, மூன்று மணிக்கு உபவாசம் முடிந்ததும் பிரியாணிப் பாத்திரத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவர் சொன்னது புரிகிறது. பட்டினி கிடந்தவர் வேகமாகச் சாப்பிடுவார். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டாம் தட்டு முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் முன்பே வந்துவிட்டது. 1950களிலிருந்தே செபத்தால் எடை குறைக்கும் இயக்கங்கள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. எடை குறைந்தவர் சாட்சி சொன்னார். மறுபடி எடை ஏறியவரோ தன் விசுவாசமே தோற்றது என்று நொந்தார். சாட்சி சொல்லும் மேடையில் அவருக்கு இடமில்லை. 2011இல் அங்குள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட இளைஞர்களைப் பற்றிய ஒரு முடிவை வெளியிட்டார்கள். அடிக்கடி ஆலயக் கூட்டங்களுக்குப் போனவர்கள் நடுவயதில் பருமனாகும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. கூட்டங்களோடு வரும் சாப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அதே ஆண்டு கலிபோர்னியாவில் ரிக் வாரன் என்ற போதகர் தன் சபையில் ஆரோக்கியத் திட்டம் தொடங்கினார். அவர் முதலில் எடுத்துச்சொன்னது தன் எடையைத்தான். மாற்றத்தைச் சபையார் சிறு குழுக்களாகச் சேர்ந்து செய்தார்கள். முன்வரிசையை நோக்கிக் கை நீட்டுவதிலிருந்து இது எவ்வளவு தூரம்! ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளின் அனுபவமும் பார்க்கத்தக்கது. அவர்களைப் பற்றி 2002இல் தொடங்கிய ஆய்வில் சுமார் 96,000 பேர் சேர்ந்தார்கள். பால், முட்டை, இறைச்சி எதுவும் உண்ணாதோரின் சராசரி உடல் எடைக் குறியீடு 23.6, இறைச்சி உண்போருக்கு 28.8. அங்கே ஒரு சமூகமே ஒரே மேசைப் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்தது. தனிமனிதரின் மன உறுதியை மட்டும் நம்பி விடவில்லை.

நமக்கும் மேசை இருக்கிறது. அதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. ராகியில் அரிசியைவிட நார் அதிகம், சுண்ணாம்புச் சத்து பல மடங்கு. ஆனால் ராகியும் மாவுச்சத்துதான். நீர்க்கக் காய்ச்சிய ராகிக் கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும், உழாதவர் இரண்டு உருண்டை களி சாப்பிட்டால் அதுவும் கூடுதல்தான். ஒரு சிறிய உருண்டை, அதைவிடப் பெரிதாகக் கீரையும் அவரையும் என்று தட்டு மாறினால் பழைய களி இன்றைய உடலுக்கும் பொருந்தும். திருவிழா அன்னதானத்தில், ஆராதனைக்குப் பின் நடக்கும் அன்பின் விருந்தில் இதைச் செய்ய என்ன தடை? பிரியாணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீரைத் திராட்சரசமாக்கிக் கொடுத்த ஆண்டவர் விருந்தைப் பகைப்பவர் அல்ல. மாதத்துக்கு நான்கு விருந்து நடக்கும் சபையில் ஒன்றாவது கொள்ளுக் கடைசலோடு நடக்கட்டும்.

மருத்துவம் நம் வாசலுக்கே வந்திருக்கிறது. வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி முதல்வர் தொடங்கிவைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். எங்கள் தெருவுக்கு வரும் பெண் நீல நிறப் பையிலிருந்து கருவியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, "அம்மா, கையை நீட்டுங்கள்" என்பார். எண்ணைச் சொல்வார், அட்டையில் எழுதுவார், அடுத்த வீட்டுக்குப் போவார். கூடுதலாக இருந்தால் குரல் மாறாது. கோயில்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் குரலை.

கொரிந்தியரின் மேசையைப் பற்றிப் பவுல் கண்டித்த இடம் வேறொன்று, 11ஆம் அதிகாரம். ஒருவர் முந்திக்கொண்டு சாப்பிடுகிறார், ஒருவர் பசியாயிருக்கிறார், இன்னொருவர் குடித்து வெறித்திருக்கிறார். அதற்கு அவர் சொன்ன மருந்து, சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது.

சென்ற ஆண்டு பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் கோயில் மைதானத்தில் கஞ்சி ஊற்றினார்கள். பயறு போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். பெரியம்மா காலையிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மருத்துவர் சொன்னபடி மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டு, சிலுவைப்பாதையில் எட்டாம் தலத்துக்குப் பின் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தார். வரிசை நீளமாக இருந்தது. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பையன் தலையை உயர்த்திப் பார்த்து, "பாட்டிக்கு முதலில்" என்று ஒரு டம்ளரை நீட்டினான். வரிசையில் நின்றவர்கள் கைமாற்றி அனுப்பினார்கள். பெரியம்மா அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசி ஆள் வாங்கும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.